பெருவிரலுக்கு ஒரு செயலி

என் அக்காவுக்கு வேலை, வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது. அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், படுக்கையிலேயே கிடந்து முதுகு புண்ணானவர்கள், சர்க்கரையால் கால் ஆறாதவர்கள் என்று அவளுக்கு ஆள் குறைவே கிடையாது. இருபத்தோரு வருஷமாக இதைச் செய்கிறாள். விருந்துக்குப் போன இடத்தில் யாராவது வாய் தவறி "இன்னைக்கு வேலை எப்படி?" என்று கேட்டுவிட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவாள். பாதிப் பேர் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள். இவள் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

நான் தங்கை. சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறியது, எங்கே இறங்கியது என்று கணினியைப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அக்கா, அத்தான், நான் மூவரும் ஒரே வீடு. எனக்கு எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கச் சொல்லி ஞாபகப்படுத்த என் போனில் ஒரு செயலி, குடித்ததைக் குறித்து வைக்க இன்னொரு செயலி. இதைச் சொல்லியே அத்தான் என்னை வருஷக்கணக்காக ஓட்டுகிறார். நடந்ததில் என் பங்கு என்ன என்பதை மறைக்க விருப்பமில்லை, அதனால்தான் என் லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கென்று ஒரு முறை இருந்தது. காலையில் கிளம்பும் முன் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டை எழுதி, தோள்பையின் வாரில் ஒட்டிக்கொள்வாள். 'மூணாம் மாடி முழங்கால்', 'பச்சை கேட் முதுகு', 'நாய் வீடு வயிறு'. ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் அந்தத் துண்டை உரித்துக் கழிவுப் பையில் போட்டுவிடுவாள். வாரில் ஒன்றும் மிச்சமில்லையென்றால் அன்றைய வேலை முடிந்தது. ஒன்பது வீடுகள் இருந்தவரை இது சிக்கலில்லாமல் ஓடியது.

பிறகு அவளோடு வேலை பார்த்தவள் ஒருத்தி ஊரைவிட்டே போனாள். அவளுடைய வீடுகளும் அக்கா தலையில் விழுந்தன. ஒன்பது பதினாலு ஆனது. ஒருவருக்குத் தினமும், ஒருவருக்கு வாரம் மூன்று தடவை, இன்னொருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை. போதாக்குறைக்கு மழை. நனைந்த பிளாஸ்திரி ஒன்று பேருந்தில் எங்கோ உதிர்ந்து போனது. 'நாய் வீடு வயிறு' நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, அக்காவை வீடுகளுக்கு அனுப்பும் கிளினிக்குக்குப் போன் செய்து கத்தினார். இன்சார்ஜ் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் துண்டுச் சீட்டு, உள்ளங்கையில் எழுதுவது, பிளாஸ்திரி எதுவும் கூடாது, ஆளுக்கொரு செயலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், எது என்பது உங்கள் இஷ்டம், திங்கட்கிழமைக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

புதிதாகச் சேர்ந்த வீடுகளில் ஒன்று பேருந்து ஓட்டுநருடையது. பத்தொன்பது வருஷமாக ஒரே தடத்தில் வண்டி ஓட்டியவர். வலது காலில் பெருவிரலுக்கு அடியில் நகத்தளவு புண். சர்க்கரை ஆள் என்பதால் காலில் உணர்ச்சி குறைவு, வலி தெரியாது. ஷூவுக்குள் கல் கிடந்ததுகூடத் தெரியாமல் ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கிறார். புண் ஆறினால் டாக்டர் சான்றிதழ் தருவார், திரும்ப வண்டியில் ஏறலாம். விரலை எடுக்க வேண்டி வந்தால் அதோடு சரி, டிப்போவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். நாற்காலி என்ற வார்த்தையை அவர் சொல்லும் விதத்தைக் கேட்டால் ஏதோ தண்டனை மாதிரி இருக்கும் என்றாள் அக்கா. திங்கள், புதன், வெள்ளி அவருடைய முறை. புண் நன்றாக மூடிக்கொண்டு வந்தது.

செயலி என்றதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவுக்கு என்னிடம் கேட்க ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அவள் போனை நடுவில் வைத்து, நானே பொறுக்கி வைத்திருந்த ஆறு செயலிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன்.

முதலாவது, வேலையை முடித்தால் ஒரு மரம் வளரும். முடிக்காவிட்டால் மரம் பட்டுப்போகும். எனக்கு ஏற்கெனவே இருக்கிற கவலை போதாதா என்றாள் அக்கா. அடுத்தது திறந்தவுடனே, உங்கள் வாழ்க்கையின் பெரிய இலக்கு என்ன என்று கேட்டது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'பச்சை கேட் முதுகு ஆறணும்' என்று அடித்தாள். அது உடனே, அருமை, இதை ஐந்து சிறு படிகளாகப் பிரியுங்கள் என்றது. அத்தான் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். மூன்றாவதில் நான்கு கட்டங்கள். அவசரமும் முக்கியமும், அவசரமில்லை ஆனால் முக்கியம் என்று வேலையைப் பிரித்துப் போட வேண்டும். அக்கா பதினாலு பேரையும் முதல் கட்டத்திலேயே போட்டாள். அப்படிப் போடக் கூடாது என்றேன்.

"அவசரமில்லாத புண் எதுன்னு நீயே வந்து அவங்ககிட்ட சொல்லு" என்றாள்.

கடைசியில் நான் கைகாட்டியதையே எடுத்துக்கொண்டாள். பார்க்க அழகான செயலி. இன்றைக்கு எந்தெந்த வீடு என்று தானே வரிசை போட்டுத் தரும். ஒரு வரியைத் தொட்டால் சின்னதாக மணி அடித்து, அந்த வரி மறைந்து, மற்றவை மேலே வரும். எல்லாம் முடிந்தால் திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் பறக்கும். அந்த மணிச் சத்தம் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. நான் பெருமையில் மிதந்தேன்.

இருபத்து நான்கு வேலை நாள் ஒரு வீடுகூடத் தவறவில்லை. இன்சார்ஜ் மேடம் மற்றவர்களிடம் அக்காவின் போனைக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம், எங்க அக்காவுக்கு நான்தான் எல்லாம் செய்து கொடுத்தேன் என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்தாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா ஓட்டுநர் வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். போனை எடுத்து அவருடைய வரியைத் தொட்டாள், மணி அடித்தது, போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். இதை ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான் செய்துவந்திருக்கிறாள். கை கழுவிக் கையுறை மாட்டிய பிறகு போனைத் தொட முடியாது. தொட்டால் மறுபடி கழுவ வேண்டும், புது உறை மாட்ட வேண்டும். அதனால் உள்ளே நுழையும்போதே தொட்டுவிடுவது. வேலையை எப்படியும் செய்யத்தானே போகிறோம் என்ற நினைப்பு. இருபத்து நான்கு நாளும் செய்தும் இருக்கிறாள்.

ஓட்டுநரின் மனைவி சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவர். அக்கா உள்ளே வந்ததைப் பார்த்தார், குழாயடியில் கை கழுவும் சத்தத்தைக் கேட்டார், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அவர் படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் அக்காவுக்குப் போன் வந்தது. பக்கத்துத் தெருவில் வயிற்றில் அறுவை முடிந்து நாலு நாளாகாத தச்சர் ஒருவருக்கு, இருமியதில் தையல் விட்டு ரத்தம் வருகிறது என்று அவருடைய மகள் அழுதாள். அக்கா ஓட்டுநரிடம், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். தச்சரின் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்தாள். அந்தப் பதற்றமெல்லாம் அடங்கிய பிறகு, சரி, அடுத்து எங்கே என்று போனைப் பார்த்தாள். போன் 'மூணாம் மாடி முழங்கால்' என்றது. மூணாம் மாடி ஏறினாள். அன்று சாயந்திரம் திரையில் வண்ணக் காகிதங்களும் பறந்தன.

ஓட்டுநர் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார். வருகிறேன் என்றார்கள், வருவார்கள் என்று வெள்ளிக்கிழமை முழுக்க இருந்தார். சனி, ஞாயிறு கிளினிக் விடுமுறை. திங்கட்கிழமை எப்படியும் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். இதற்கிடையில் குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வலிதான் தெரியாதே. மனைவிக்கோ கட்டு மாற்றவேயில்லை என்பதே தெரியாது.

திங்கட்கிழமை கட்டைப் பிரித்தபோதே வாடை வந்தது என்றாள் அக்கா. விரல் சிவந்து வீங்கி, மூடிக்கொண்டு வந்த புண் திரும்பத் திறந்திருந்தது. தான் வைத்த கட்டைத் தானே பார்த்தாள், புதன்கிழமை போட்டது. அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்திருக்கிறது. அக்காவும் அவருடைய மனைவியும் அவரை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பத்து நாள் மருந்து, தினமும் கட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை பார்ப்பேன், குறையவில்லையென்றால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அக்கா யார் மேலும் பழி போடவில்லை. டாக்டர் அறைக்கு வெளியிலேயே இருவரிடமும், வெள்ளிக்கிழமை நான் கட்டு மாற்றவில்லை, மாற்றியதாகப் போனில் போட்டுவிட்டு மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டாள். கிளினிக்கிலும் அதையே எழுதிக் கொடுத்தாள். ஓட்டுநரின் மனைவி அவள் முகத்தைப் பார்க்காமல் கணவரிடம் பேசினார். "இவங்க இனிமே நம்ம வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

ஓட்டுநர் தன் காலைப் பார்த்தார்.

"இவங்களே வரட்டும்" என்றார். "புதுசா ஒருத்தர் வந்தா, அவங்களும் ஒரு தடவை மறந்துதான் கத்துக்கணும். என்கிட்ட அவ்வளவு விரல் இல்லை."

அதைச் சொல்லும்போது அவர் சிரித்தாராம். மனைவி சிரிக்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் அந்த அம்மா அக்காவோடு நேராகப் பேசவே இல்லை. தண்ணீர் கொடுத்தால்கூடக் கணவர் கையில் கொடுத்து, அவங்களுக்குக் குடுங்க என்பார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் அழகான செயலியை அழித்தாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். செயலி என்ன செய்யும், நீ தப்பாகத் தொட்டால் அதுவும் தப்பாகத்தானே காட்டும் என்று வாதாடினேன். பிளாஸ்திரியாக இருந்திருந்தால் அது வாரில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும், அக்கா கண்ணில் பட்டிருக்கும் என்பது எனக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதேன். யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய விரல் என்னால் போகப்போகிறது.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, உன்கூட வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். எதற்கு என்றாள். நீ வேலை செய்வதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, துடைத்து வைத்த மேஜையில் உட்கார்ந்து செயலி பொறுக்கிக் கொடுத்தேன் என்றேன். மேடத்திடம் கேட்டுவிட்டு அழைத்துப் போனாள். வாசலைத் தாண்டி அறைக்குள் வரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டாவதைக் கடைப்பிடிப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அக்காவுக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அவள் செய்வதை வாசலில் நின்று விரல் விட்டு எண்ணினேன். செருப்பு, செயலி இருந்தவரை போன், முதல் கை கழுவல், உறை, பழைய கட்டு, வேறு உறை, மருந்து, புதுக் கட்டு, உறை கழற்றல், இரண்டாவது கை கழுவல், திரும்பவும் செருப்பு. அவள் போனைத் தொட்டுவந்த நேரம் முதல் கழுவலுக்கு முன்னால். இரண்டாவது கழுவலுக்குப் பின்னால் கை சுத்தமாக இருக்கிறது, வேலையும் முடிந்திருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் எதையாவது கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, மருமகள் பேசுவதில்லை. அவளும் நின்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டுகிறாள். அந்தப் பேச்சில் மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் முன்னாலேயே தொட்டுவிடும் பழக்கம் வந்திருக்கிறது. என்னிடம் எரிந்து விழும் அக்கா, அந்த வீடுகளில் எவ்வளவு பொறுமையாக இருந்தாள் என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

ஓட்டுநர் வீட்டில் மட்டும் நான் கீழே தெருவிலேயே நின்றுவிட்டேன். மேலே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயந்திரம் இரண்டாவது முறையாகச் செயலி தேட உட்கார்ந்தோம். இந்தத் தடவை எனக்கு அழகும் வேண்டாம், மணியும் வேண்டாம். வேலை முடியாமல் 'முடிந்தது' என்று தொடவே முடியாத செயலி இருக்கிறதா? அத்தான்தான் சொன்னார், போட்ட கட்டைப் படம் எடுத்தால்தான் வரி மூடும் என்றிருந்தால் முன்கூட்டியே எப்படித் தொடுவாள் என்று. அந்த மனுஷர் வாயிலிருந்து உருப்படியாக ஒன்று வந்தது என்று நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தேடினோம். ஒன்று கிடைத்தது. ஆனால் அது கட்டட வேலைக்காரர்களுக்கானது. முகப்பில் மஞ்சள் தலைக்கவசம், அழுக்குச் சாம்பல் நிறத் திரை. சுவரில் விரிசல், குழாயில் கசிவு என்று ஒவ்வொன்றையும் 'பழுது' என்று பதிய வேண்டும். சரிசெய்த இடத்தைப் படம் எடுத்துச் சேர்க்காவிட்டால் அன்றைய வருகையும் முடியாது, பழுதும் மூடாது, எத்தனை தடவை தொட்டாலும் அசையாது. வருகைகள் எல்லாம் ஒரே பழுதின் கீழே, தேதியோடு, படத்தோடு வரிசையாக நிற்கும். யாருடைய பெயரையும் போடாமல் எண் மட்டும் போட்டோம். ஓட்டுநரின் பெருவிரல், பழுது எண் ஏழு. 'பழுதின் வகை' என்று கேட்டது. அதில் இருந்தவை விரிசல், கசிவு, துரு, மற்றவை. அக்கா 'மற்றவை' என்பதைத் தொட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

படம் எடுக்க ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டாள். மேடம் பார்த்துவிட்டு, இது என்ன சிமெண்ட் கம்பெனி மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வரை, சனி ஞாயிறு உட்பட, தினமும் ஓட்டுநர் வீட்டுக்குப் போனாள். பிரித்ததும் ஒரு படம், கட்டியதும் ஒரு படம். பிரித்ததும் எடுக்கும் படத்துக்காக மறுபடி கை கழுவி, புது உறை மாட்டி, எல்லாம் இரட்டை வேலை. சாயந்திரம் நானும் அவளும் அந்தப் படங்களைப் பெரிதாக்கி, சிவப்பு குறைந்திருக்கிறதா என்று கண் வலிக்கப் பார்ப்போம். குறைந்திருக்கிறது என்பேன் நான். வெளிச்சம் மாறியிருக்கிறது என்பாள் அவள். எங்கள் சண்டையை அத்தான் வந்து தீர்க்கப் பார்த்து, புண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்.

வியாழக்கிழமை டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், அக்காவின் போனில் இருந்த படங்களைப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பார்த்தார். "விரல் இருக்கட்டும்" என்றார். அக்கா வெளியில் வந்து எனக்குப் போன் செய்து, அந்த இரண்டு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். எந்தப் பெட்டி வந்து சேர்ந்தது என்று மேஜைக்காரி கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம் ஆனது. வீக்கம் வடிந்தது, ஓரம் சுருங்கியது, ஒரு வாரம் நகராமல் நின்று எங்களைப் பயமுறுத்தியது, பிறகு மூடியது. கடைசி நாள் அக்கா போனபோது கட்டுவதற்கு ஒன்றுமில்லை. புதுத் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. வெறுங்காலைப் படம் எடுத்தாள். பழுது மூடியதா என்று கேட்டது, ஆம் என்று தொட்டாள்.

ஓட்டுநர் அதைப் பார்க்க வேண்டும் என்றார். விரலுக்கு அடியில் இருந்த புண்ணை இத்தனை நாளும் அவர் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை, குனிய முடியாது. முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை தள்ளிக்கொண்டே போனார். வேலைக்குக் கிளம்பி நின்ற மனைவியும் பின்னால் வந்து நின்று, அவர் தோளுக்கு மேலே பார்த்தார். சான்றிதழுக்குத் திங்கட்கிழமை போகிறேன் என்று ஓட்டுநர் சொன்னார். எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

அக்கா இரண்டாவது தடவை கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். ஓட்டுநரின் மனைவி பின்னாலேயே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வாரத்தில் முதல்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்க அம்மாவுக்கும் கணுக்கால்ல புண்ணு. ரெண்டு மாசமாச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்க, தூரம்தான். கிளினிக்ல எழுதிக் கொடுத்தா யாரை அனுப்புவாங்கன்னு தெரியலை." கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "நீங்க வருவீங்களா?"

இதை அக்கா எங்களிடம் சொன்னது சாயந்திரம், காய் நறுக்கிக்கொண்டே. நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். போனை எடுத்து, மஞ்சள் தலைக்கவசத்தைத் தொட்டு, புதிய பழுது என்பதைத் திறந்து, எந்தக் கால் என்று மட்டும் கேட்டாளாம்.